நாசிக் ஒயின் தோட்டம்: மும்பையிலிருந்து போய் வர முழு வழிகாட்டி

மும்பையிலிருந்து நாசிக் ஒயின் தோட்டத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தலைகீழாகப் போகிறார்கள். மதியம் போய்ச் சேர்வது, முதலில் சாப்பாடு, கூடவே ஒரு பாட்டில், அப்புறம் போட்டோ. எல்லாம் முடிந்தபின் "உள்ளே ஆலையைச் சுற்றிக் காட்டுவாங்களாமே?" என்று கேட்டால் அன்றைய டூர் இடமெல்லாம் நிரம்பியிருக்கும். இடம் கிடைத்தாலும் தொட்டிக்கும் பீப்பாய்க்கும் வித்தியாசம் தெரியும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

நண்பர்களையும் ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களையும் கூட்டிப்போய்ப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட வரிசை இது: முதலில் வீடு திரும்பும் வழி, அப்புறம் பார்ப்பது, கடைசியில் சுவைப்பது. குடிக்காதவர்களுக்கும் இதே வரிசைதான். கடைசிப் படியை மட்டும் அவர்கள் விட்டுவிடலாம்.

## 1. மாதத்தை முடிவுசெய்யுங்கள்

நாசிக்கில் திராட்சைக் கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, கொடி புதுக் கிளைவிட்டு வலுப்பெறுவதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, காய்ப்புக்கு. இதைத் தெரிந்துகொண்டால் எந்த மாதம் போனால் என்ன கண்ணில் படும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடை. கொடியில் குலை தொங்கும், ஆலையும் ஓடும். முதல்முறை போகிறவர்கள் இந்தக் காலத்தில்தான் போகவேண்டும். நவம்பர், டிசம்பரில் பட்டாணி அளவுப் பச்சைக் காய்கள் இருக்கும், ஆலை சும்மா கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் பழமில்லாத கொடியும்தான்.

ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கசாரா மலைப்பாதையில் அருவி, கங்காபூர் அணை நிறையத் தண்ணீர், எங்கும் பச்சை. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு திராட்சை கூட இருக்காது. "பழம் எங்கே?" என்று வழிகாட்டியைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மாதத்தை எடுத்தபின் தேதியைப் பாருங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் டிரை டே, மது விற்காத நாள். தேர்தல் வாக்குப்பதிவை ஒட்டியும், மாநில அரசு அறிவிக்கும் வேறு சில நாட்களிலும் மது ஊற்ற மாட்டார்கள். குடியரசு தினம் சனி ஞாயிறோடு சேர்ந்து நீள விடுமுறையாக வந்தால், அறுவடையும் தொடங்கியிருக்கிறதே என்று பலர் சரியாக அந்த நாளையே பிடிக்கிறார்கள். தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு முடிந்துவிடும்.

சுலா ஒயின் தோட்டம் நடத்தும் சுலாஃபெஸ்ட் இசை விழா வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்தில் வரும். பாட்டுக்காகப் போகிறீர்கள் என்றால் சரி. ஒயின் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரக்கடைசியைத் தவிருங்கள். அதேபோல் 2027 சிம்மஸ்த கும்பமேளாவின் நீராடல் நாட்களை ஒட்டி நாசிக்கில் அறையோ வண்டியோ கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

## 2. திரும்பும் வண்டியை முதலில் பதிவுசெய்யுங்கள்

போகும் டிக்கெட்டை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். திரும்புவது "பார்த்துக்கலாம்" என்றே இருக்கும். ஒயின் தோட்டத்தைப் பொறுத்தவரை இது நேரெதிர். காலையில் தெளிவாக இருக்கும் உங்களுக்கு எப்படியும் வழி தெரியும். சாயங்காலம் இருக்கப்போகும் உங்களுக்குத்தான் ஏற்பாடு தேவை.

ரயிலில் போனால் இறங்க வேண்டியது நாசிக் ரோடு நிலையம். சிஎஸ்எம்டியிலிருந்து காலை ஆறு மணியை ஒட்டித் தபோவன் எக்ஸ்பிரஸும் ஷீரடி வந்தே பாரத்தும் கிளம்புகின்றன. தாதர், தாணே, கல்யாண் இவற்றில் உங்களுக்குப் பக்கத்து நிலையத்தில் நிற்குமா, அன்று ஓடுமா என்று பார்த்து எடுங்கள். பஞ்சவடி எக்ஸ்பிரஸ் என்ற பேரைக் கேட்டதும் "நாசிக் வண்டிதானே" என்று அதைத் தேடுகிறவர்கள் உண்டு. அது காலையில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு வேலைக்கு வருகிறவர்களின் வண்டி, சாயங்காலம்தான் இங்கிருந்து திரும்பும். ஒரு நாள் பயணத்துக்கு நமக்கு உதவாது.

டிக்கெட் கிடைக்காவிட்டால் கசாரா லோக்கலில் கடைசி வரை போய், நிலையத்துக்கு வெளியே ஷேர் டாக்சி பிடித்து நாசிக் போகலாம். மலிவான வழி, ஆனால் நெருக்கியடித்து உட்கார வேண்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு இந்த வழியில் போகாதீர்கள்.

நாசிக் ரோடு நிலையம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, தோட்டங்கள் மேற்கே. இடையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நிலையத்திலேயே நாள் முழுவதற்கும் ஒரு டாக்சி பேசிக்கொள்வது நல்லது. போகும்போது ஆப்பில் வண்டி வந்துவிடும். இருட்டியபின் தோட்ட வாசலில் நின்றுகொண்டு போனைத் தட்டினால் அப்படி வராது.

காரில் போனால் சுமார் 170 கிலோமீட்டர், மூன்றரை நான்கு மணி நேரம். ஓட்டுகிறவர் சுவைக்கக் கூடாது. "ஒரு வாய்தானே" என்பதற்கு இங்கே இடமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆறு வகை ஒயின், ஒவ்வொன்றும் 30 மில்லி என்று வைத்தாலும் 180 மில்லி ஆகிறது. அது ஒரு முழுக் கிளாஸுக்கு மேல், வரம்பைத் தாண்டப் போதுமானது. அதற்கு மேல் கசாரா இறக்கம் வேறு இருக்கிறது. யார் ஓட்டுவது என்பதைத் தோட்டத்தில் வைத்துப் பேசாமல் வீட்டிலேயே முடிவுசெய்துவிடுங்கள். ஆள் இல்லையென்றால் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்.

## 3. யாரெல்லாம் வருகிறார்கள் என்று எண்ணுங்கள்

21 வயது நிரம்பாதவர்களுக்கு ஊற்ற மாட்டார்கள். கல்லூரி முடித்த தம்பி தங்கைகள் வந்தால் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். இருபத்தைந்து வயதிலும் பதினெட்டு போல் இருக்கிறவர்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

குடிக்காதவர்களை வீட்டில் விட்டுப்போக வேண்டும் என்ற அவசியமில்லை. செம்பூரிலிருந்து வந்த ஒரு மாமி, ஒரு சொட்டு தொடாதவர், ஆலைக்குள் கேட்ட கேள்விகளுக்கு வழிகாட்டியே திணறினார். அவர் வீட்டில் மாவு புளிக்கவைக்கிறவர், அதனால் ஈஸ்ட், சூடு, நேரம் என்று சரியாகப் பிடித்துக்கொண்டார். டேஸ்டிங் (சுவைத்துப் பார்ப்பது) இல்லாமல் டூர் மட்டும் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று பதிவுசெய்யும்போதே கேளுங்கள்.

கர்ப்பிணிகளும், மதுவோடு சேராத மருந்து சாப்பிடுகிறவர்களும் சுவைக்கும் மேசையைத் தவிர்க்கட்டும். சின்னக் குழந்தைகள் கொடி வரிசையில் ஓடலாம், ஆலைக்குள் ஓட முடியாது. தரை எப்போதும் கழுவிவிட்ட ஈரமாகவே இருக்கும்.

இன்னொன்று, நம்மவர்கள் மட்டும் செய்வது: ஷீரடி, த்ரயம்பகேஸ்வரர், பஞ்சவடி மூன்றோடு ஒயின் தோட்டத்தையும் ஒரே பயணத்தில் அடைப்பது. இரண்டு நாள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஒரே நாளில் வேண்டாம். த்ரயம்பகத்தில் தரிசன வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, தோட்டத்தில் நீங்கள் பதிந்த நேரமோ காத்திருக்காது. கோயில் முதல் நாள், தோட்டம் மறுநாள் காலை என்று வைத்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

## 4. ஒரு தோட்டம் போதும், மிஞ்சினால் இரண்டு

வரைபடத்தைப் பார்த்து நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு கிளம்புவது புதியவர்களின் வழக்கம். எல்லா ஆலையிலும் தொட்டியும் பீப்பாயும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்றாவது இடத்தில் நாக்கும் வேலைசெய்யாது, காலும் வேலைசெய்யாது.

கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க், சோமா எல்லாம் அருகருகே இருக்கின்றன. ஒரு நாள் பயணத்துக்கு இந்தப் பக்கமே வசதி. சுலா பெரியது, அமைப்பாக நடத்துவார்கள், கூட்டமும் அங்கேதான். யார்க் சிறியது, கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். பெரியதில் டூர், சிறியதில் நிதானமாக ஒரு டேஸ்டிங் என்று பிரித்துக்கொண்டால் இரண்டின் நல்லதும் கிடைக்கும்.

வலோனே தோட்டம் இகத்புரிப் பக்கம் இருக்கிறது. காரில் வருகிறவர்களுக்கு நாசிக் ஊருக்குள்ளேயே போக வேண்டாம் என்பது லாபம். நுரைக்கும் ஒயினுக்குப் பேர்பெற்ற ஷான்டோன் திண்டோரியில், ஊருக்கு வடக்கே. இந்த இரண்டையும் கங்காபூர்ப் பக்கத்தோடு ஒரே நாளில் சேர்த்தால் பாதி நாள் சாலையில் போய்விடும்.

## 5. காலை முதல் டூருக்குப் பதியுங்கள்

அறுவடைக் காலத்தில் பழத்தைக் குளிர்ச்சி இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுவதற்குள் ஆலைக்குக் கொண்டுவந்துவிடப் பார்ப்பார்கள். சூடான பழம் கூடையிலேயே நசுங்கிப் புளிக்கத் தொடங்கும், மணமும் போய்விடும். அதனால் கூடை இறங்குவதைப் பார்க்க முன்பகலே சரி. மதியம் போனால் கழுவிய இயந்திரத்தைத்தான் பார்ப்பீர்கள். நாக்கும் முன்பகலில்தான் சுத்தமாக இருக்கும்.

வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை மும்பையே அங்கே வந்து நிற்கும்.

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டியவை உண்டு: அன்று ஆலை ஓடுகிறதா, டூரில் கொடி வரிசைக்கும் கூட்டிப்போவார்களா, எத்தனை வகை ஊற்றுவார்கள், நுழைவுக் கட்டணம் டூருக்குள் அடங்குமா தனியா, படிக்கட்டு ஏற முடியாதவர்களுக்கு வழி உண்டா. முதல் கேள்விக்கு "ஆமாம் சார், எல்லாம் இருக்கு" என்று பொதுவாகப் பதில் வந்தால், "இந்த வாரம் எந்தத் திராட்சை வருது?" என்று கேட்டுப் பாருங்கள். ஓடுகிற ஆலை என்றால் பேர் சொல்லிவிடுவார்கள்.

திராட்சை மிதிப்பது சில இடங்களில் அறுவடைக் காலத்தில் நடக்கும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். காலால் மிதித்ததை ஒயினாக்கி விற்கிறார்களோ என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம், பெரும்பாலும் அது விளையாட்டோடு சரி.

## 6. கிளம்பும் காலை

வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள். வெறும் வயிற்றில் ஒயின் சீக்கிரம் ஏறும். மாட்டுங்காவில் முந்தின நாளே இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டால் ரயிலில் தீர்த்துவிடலாம். மிளகாய்ப் பொடியை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள், காரம் நாக்கைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும்.

சென்ட் வேண்டாம். மல்லிகைப்பூவும் வேண்டாம். இதைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும் என்று தெரியும், ஆனால் தலையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தால் பூ வைத்தவருக்கு மட்டுமல்ல, மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் எல்லா ஒயினும் மல்லிகையாகவே மணக்கும். ஒயினைச் சுவைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. பூவைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். பாக்கு, பான் மசாலா, மூக்குப்பொடிக்கும் இதே விதி.

ஜனவரியில் நாசிக்கின் விடியல் 10 டிகிரியை ஒட்டி இருக்கும், மதியம் வெயில் அடிக்கும். ஆலைக்குள் பீப்பாய் அறை எப்போதும் குளிரும். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் மூடிய ஷூ வேண்டும். வழுவழுப்பான செருப்போடு ஈரத் தரையில் நடப்பது ஆபத்து, வரிசைகளுக்கிடையே மண் வேறு.

## 7. கொடி வரிசையில் என்ன பார்ப்பது

கம்பம் பக்கம் பந்தல் போட்ட திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இங்கே முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும். தலைக்கு மேல் பந்தல் இல்லை. இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் கம்பியில் கட்டிய நேர் வரிசைகள். இலைகளை மேல்நோக்கி நிறுத்திக் குலைகளைக் கீழே ஒரே மட்டத்தில் வெளியே விட்டிருப்பார்கள். காற்றும் வெளிச்சமும் குலைக்குப் போனால்தான் பூஞ்சை வராது, தோல் நிறம் பிடிக்கும்.

குலையைக் கிட்டப் பாருங்கள். சந்தையில் கிலோ கணக்கில் வாங்கும் தாம்சன் சீட்லெஸ் பழத்தைப் போல நீளமாக, பளபளவென்று இருக்காது. சிவப்பு ஒயினுக்கான கபர்நே, ஷிராஸ் வகைப் பழங்கள் சிறு மணியாக, கறுப்பாக, மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். வழிகாட்டி ஒன்று பறித்துக் கொடுத்தால் உடனே மென்று விழுங்கிவிடாதீர்கள். முதலில் சாற்றை உறிஞ்சுங்கள், இனிப்பு தூக்கலாக இருக்கும். அப்புறம் தோலைத் தனியாக மெல்லுங்கள், துவர்ப்பு வரும். கடைசியில் விதையைக் கடியுங்கள். பழுத்த பழத்தின் விதை பழுப்பாக, மொறுமொறுவென்று இருக்கும். பழுக்காததில் விதை பச்சையாக, கசப்பாக இருக்கும். பறிக்கும் நாளை முடிவுசெய்கிறவர்கள் கருவியோடு நாக்கையும் வைத்து இப்படித்தான் பார்க்கிறார்கள். இந்தத் துவர்ப்பைத்தான் பிறகு சிவப்பு ஒயினில் சந்திக்கப்போகிறீர்கள், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களாகப் பறிக்காதீர்கள். மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்வி: "பிரிக்ஸ் எவ்வளவு வந்ததும் பறிக்கிறீர்கள்?" நூறு பங்கு சாற்றில் சர்க்கரை எத்தனை பங்கு என்பதன் அளவு அது. சாப்பாட்டோடு குடிக்கும் வழக்கமான ஒயினுக்குப் பொதுவாக 20 முதல் 24 வரை சொல்வார்கள். சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது, ஆகவே பாட்டிலில் அச்சடித்த 12, 13 சதவீதம் இங்கே கொடியிலேயே முடிவாகிவிடுகிறது.

## 8. ஆலைக்குள்: பழம் போகும் வழியிலேயே நீங்களும் போங்கள்

கூட்டம் அதிகமானால் டூரைப் பீப்பாய் அறையிலிருந்து தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் போட்டோ அங்கேதான் நன்றாக வரும். முடிந்தால் பழம் இறங்கும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். வரிசை மாறினால் எது எதற்கு என்று புரியாது.

முதலில் காம்பு பிரிக்கும் இயந்திரம். காம்பும் சேர்ந்து நசுங்கினால் ஒயின் பச்சைக் கசப்பாகும். இங்கே நின்று "இன்று வந்தது வெள்ளையா, சிவப்பா?" என்று கேளுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தை முதலில் பிழிந்து, தோலை எறிந்துவிட்டு, சாற்றை மட்டும் புளிக்கவைக்கிறார்கள். சிவப்புக்குத் தோலோடு புளிக்கவைத்து, பிறகுதான் பிழிகிறார்கள். கறுப்புத் திராட்சையிலும் பெரும்பாலானவற்றின் சாறு வெளிறியே இருக்கும். நிறம், துவர்ப்பு இரண்டும் தோலிலிருந்து வருகின்றன. ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சில மணி நேரம் மட்டும். இந்த ஒரு விஷயம் தெளிவானால் பாதி டூர் முடிந்தமாதிரி. கறுப்புத் திராட்சைக்குச் சிவப்பு ஒயின், பச்சைத் திராட்சைக்கு வெள்ளை என்று மட்டும் நினைத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம்.

அடுத்து எஃகுத் தொட்டிகள். பக்கவாட்டில் ஒரு பட்டையில் மட்டும் நீர்த்துளி கோத்திருக்கிறதா பாருங்கள். அங்கே தொட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர், அதற்குள் குளிர்ந்த திரவம் ஓடுகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு வெளிவரும். விட்டுவிட்டால் சூடு ஏறி மணம் ஆவியாகும், இன்னும் ஏறினால் ஈஸ்ட்டே செத்துவிடும். வெள்ளையை 12 முதல் 18 டிகிரியில் அடக்கிவைப்பார்கள், சிவப்பைத் தோலின் நிறம் இறங்குவதற்காக 25 முதல் 30 வரை விடுவார்கள். தொட்டியில் தொங்கும் அட்டையில் திராட்சையின் பெயர், தேதி, டிகிரி எல்லாம் எழுதியிருக்கும். வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது அதைப் படியுங்கள், அவர் சொல்வதைவிடக் கூடுதலாகவே தெரியும்.

சிவப்புத் தொட்டியின் மேல்வாய் திறந்திருந்து எட்டிப்பார்க்க அனுமதித்தால், தோல்கள் மேலே மிதந்து கெட்டியான மூடிபோல் நிற்பதைப் பார்க்கலாம். அடியிலிருக்கும் சாற்றை எடுத்து அதன்மேல் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தலையை உள்ளே விடாதீர்கள். புளிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு அங்கே தேங்கி நிற்கும், ஒரே மூச்சில் தலை சுற்றும். மயங்கி விழுந்து ஆலைகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

பிறகு பீப்பாய் அறை. வழக்கமான ஓக் பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். நடுவில் அடைப்பு இருக்கும் இடத்தைச் சுற்றி ஊதா நிறக் கறை படிந்திருக்கும், சாக்கட்டியில் எண்ணும் தேதியும் கிறுக்கியிருக்கும். ஒயின் மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாவதால் அவ்வப்போது திறந்து நிரப்புகிறார்கள், கறை அதனால்தான். "புதுப் பீப்பாயா, எத்தனையாவது முறை?" என்று கேளுங்கள். புது மரம்தான் வனிலா, புகை மணத்தைத் தரும். சில முறை பயன்படுத்தியபின் அது வெறும் பாத்திரம்தான். விலையுயர்ந்த பாட்டில் ஏன் விலையுயர்ந்தது என்பதற்குப் பாதிப் பதில் இந்த அறையில் இருக்கிறது.

நுரைக்கும் ஒயின் செய்யும் இடமானால், துளையிட்ட சாய்வுப் பலகைகளில் பாட்டில்கள் கழுத்துக் கீழாகச் செருகியிருக்கும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவைத்து, செத்த ஈஸ்ட் கழுத்துக்கு வந்து சேரத் தினமும் கொஞ்சம் திருப்புகிறார்கள். தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். உள்ளே காரின் டயரைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம், கை வைக்காதீர்கள்.

பாட்டில் அடைக்கும் இடத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டுவார்கள். அங்கே அதிக நேரம் நிற்கத் தேவையில்லை.

## 9. சுவைக்கும் மேசை

வரிசை: நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே, சிவப்பு, கடைசியில் இனிப்பு. துவர்ப்பும் இனிப்பும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், அவற்றுக்குப்பின் மென்மையானது எதுவும் தெரியாது. "நான் ரெட் மட்டும்தான்" என்று முதலிலேயே ஷிராஸுக்குத் தாவுகிறவர், பின்னால் வரும் வெள்ளையைத் தண்ணீர் என்பார்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணத்தைக் கையால் பொத்தினால் வெள்ளை சூடாகிவிடும். முதலில் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், பிறகு சுழற்றி இன்னொருமுறை. இரண்டாவதில் என்ன கூடியிருக்கிறது என்று பாருங்கள். நுரைக்கும் ஒயினைச் சுழற்றாதீர்கள், குமிழி ஓடிவிடும்.

என்ன மணம் என்று தெரியாவிட்டால் பதற்றம் வேண்டாம். அட்டையில் எழுதியிருக்கும் பேரிக்காய், காட்டுப் பெர்ரி எல்லாம் நாம் அன்றாடம் முகர்ந்தவை அல்ல. நம் சமையலறையிலிருந்தே தேடுங்கள். சோவினோன் ப்ளாங் என்ற வெள்ளை ஒயினில் கொய்யாவும் பச்சைக் குடைமிளகாயும் வரும். ஷிராஸில் மிளகு வரும், அது கற்பனையில்லை, மிளகின் மணத்துக்குக் காரணமான அதே பொருள் ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. பக்கத்திலிருப்பவர் சொல்லும்முன் உங்களுக்குத் தோன்றியதை எழுதிவிடுங்கள். அவர் "ஸ்ட்ராபெரி" என்று சொல்லிவிட்டால் அப்புறம் உங்களுக்கும் ஸ்ட்ராபெரிதான்.

ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்க உருட்டுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு, கொடியில் மென்ற தோல் ஞாபகம் வரும். அப்புறம் விழுங்கலாம், துப்பலாம். துப்புவதற்குக் கிண்ணம் கேட்டால் தருவார்கள். மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள், ஆனால் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் துப்பித்தான் பார்க்கிறார்கள். ஊற்றியதை முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சோற்றை வீணாக்காதே என்று வளர்ந்ததால் கிளாஸையும் காலிசெய்கிறோம். நான்காவது கிளாஸில் எல்லாமே பிரமாதமாகத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி. ஐஸ் கேட்காதீர்கள். சிவப்பு ஒயின் சூடாக இருந்தால் கொஞ்சம் குளிரவைத்துத் தரச் சொல்லலாம். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள், அந்த அறை வெப்பம் மகாராஷ்டிரத்து மார்ச் வெப்பம் இல்லை, 16 முதல் 18 டிகிரிதான்.

## 10. சாப்பாடு இப்போதுதான்

டேஸ்டிங் முடிந்ததும் தாமதிக்காமல் சாப்பிடுங்கள். உள்ளே உணவகம் இருந்தால் காலையிலேயே மேசை சொல்லிவைத்துவிடுங்கள், அறுவடைக் காலத்தில் மதியம் இடம் கிடைக்காது. காரமான குழம்பு வகைகளோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேராது, எரிச்சல்தான் கூடும். கொஞ்சம் இனிப்பு தட்டும் வெள்ளை ஒயினான ஷெனின் ப்ளாங் பரவாயில்லை.

## 11. பாட்டில் வாங்குவது, கொண்டுவருவது

வெளியேறும்போது வாங்குங்கள். முதலில் வாங்கி வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் ஒயின் வெந்து, தக்கை மேலே கிளம்பிவிடும். டிக்கிக்குப் பதிலாக ஏசி படும் இடத்தில், துணி சுற்றி வையுங்கள்.

மும்பைக் கடைகளில் எங்கும் கிடைக்கும் வகையை இங்கிருந்து சுமக்க வேண்டாம். "இங்கே மட்டும் விற்பது எது?" என்று கேட்டு, டேஸ்டிங்கில் உங்கள் குறிப்பில் இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் வாங்குங்கள். வெள்ளையும் ரோஸேயும் வாங்கினால் பாட்டிலில் உள்ள ஆண்டைப் பாருங்கள், புதியதே நல்லது. திருகுமூடி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். இளமையிலேயே குடிக்கும் ஒயினுக்கு அதுதான் பாதுகாப்பு.

பில்லைப் பாட்டிலோடு வைத்திருங்கள். ரயிலில் மூடியைத் திறக்காதீர்கள், போதையில் ரயிலேறி அடுத்தவருக்குத் தொல்லை கொடுப்பது தண்டனைக்குரியது. ஊருக்குக் கொண்டுபோய் மாமாவுக்குக் கொடுக்கலாம் என்று பெட்டி கணக்கில் வாங்குகிறவர்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆயத்தீர்வை விதி வேறு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மகாராஷ்டிர பில் தமிழ்நாட்டு எல்லையில் செல்லாது.

## 12. வீட்டுக்கு வந்தபின்

மும்பை வீட்டில் ஒயினுக்கு ஆகாத இரண்டு இடங்கள் சமையலறை மேல்தட்டும் பால்கனியும். வெள்ளையை நேராக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சிவப்பைத் துணி அலமாரியின் அடித்தட்டில், தக்கை போட்டதானால் படுக்கவைத்து வையுங்கள். தக்கை காய்ந்து சுருங்கினால் காற்று புகும். வந்த அன்றே திறக்க வேண்டாம், ஆடிக் குலுங்கி வந்தது ஓரிரு வாரம் அடங்கட்டும். நுரைக்கும் ஒயினை மூன்று மணி நேரமாவது குளிரவைத்து, அசைக்காமல், மேலே ஒரு துண்டைப் போட்டு, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துத் திறங்கள். வாய் ஆள் பக்கம் இருக்கக் கூடாது.

திறந்த பாட்டில் மிஞ்சினால் மூடி, சிவப்பானாலும் வெள்ளையானாலும் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.